போத்தலும் நானும் சொறிக் குளிசையும்

அடுத்தவர் சிறுநீர் கழிப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் ஒரு சம்பளம் உண்டு என்றால் நம்புவீர்களா? அதை நான் மாதாமாதம் வாங்குகிறேன்.

உதைபந்தாட்டக்காரர் யாராவது ஊக்கமருந்து பாவித்திருக்கிறாரா என்று அறிய, ஆட்டம் முடிந்ததும் அவரிடம் மாதிரி வாங்கி, போத்தலில் அடைத்து, முத்திரை வைத்துக் கொழும்புக்கு அனுப்புவது என் உத்தியோகம். அங்கிருந்து அது வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகும். நான் போகாத நாடெல்லாம் நான் பிடித்த போத்தல் போயிருக்கிறது. இடையில் யாரும் தில்லுமுல்லு செய்யாமல் இருக்க, புறப்படும் இடத்திலிருந்தே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரான முருங்கனில் என் மனைவி சொந்தக்காரரிடம், "இவருக்கு விளையாட்டுப் பகுதியிலை அலுவல்" என்று சொல்லிவிட்டு உடனே தேத்தண்ணி போடப் போய்விடுவாள். பஸ் கண்டக்டர், கந்தோர்க் கிளாக்கர், மின்சாரம் வெட்ட வருகிறவர் என்று சனத்திடம் பேச்சு வாங்கியே பிழைக்கிற உங்களுக்குத்தான் என் பாடு விளங்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வராத விருந்தாளி

ஜெறோம் பேசாலைப் பொடியன். கொழும்பில் சம்பளத்துக்கு விளையாடும் கழகமொன்றின் முன்னணி ஆட்டக்காரன். அந்தக் கழகம் மன்னாருக்கு விளையாட வந்தபோது முதல்நாளே வந்து, வீட்டில் படுத்தெழும்பி, அடுத்த நாள் மைதானத்துக்கு வந்தான். கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை அடித்து வெற்றியும் எடுத்துக் கொடுத்தான். சீட்டுக் குலுக்கியபோது சோதனைக்கு விழுந்ததும் அவனுடைய இலக்கம்தான். அறைக்குள் வந்ததும் வழமையான கேள்வியைக் கேட்டேன். "இந்தக் கிழமை ஏதும் மருந்து பாவிச்சனீரோ?" "இல்லை அண்ணை" என்றான், யோசிக்காமலே. கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது. வெயில் சுட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு தொடங்கியது எங்கள் இருவரின் தவம். உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் மன்னார் வெயிலில் வேர்வையாகப் போய்விட்டது. போத்தல் போத்தலாகக் குடித்தான். எழும்பிப் போவான், நானும் பின்னாலே போவேன், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான், நான் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், இருவரும் வெறுங்கையோடு திரும்பி வருவோம். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். எனக்குத்தான் வந்தது. வெளியே லொறியில் வந்த அவன் ஊர்ச் சனம் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக அவனுக்கு வந்தபோது, குடித்தது கூடிப்போய் மாதிரி பச்சைத் தண்ணீராக இருந்தது. இது செல்லாது, இன்னொரு முறை தர வேண்டும் என்றேன். அவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

"அண்ணை, பெனால்டி அடிக்கேக்கை முழு மன்னாரும் பாத்துக்கொண்டு நிண்டது, எனக்குக் கால் நடுங்கேல்லை. நீங்கள் ஒராள் பாக்கேக்கைதான் ஒண்டும் வருகுதில்லை."

தாயும் தேர்மோஸும்

அதே நாள், அதே அறை. கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஜெறோமின் தாய் திரேசம்மா, கையில் தேர்மோஸுடன். மகனுக்குக் கணவாய்ச் சூப்பு. நான் கதவை மறித்துக்கொண்டு, முத்திரை உடைக்காத போத்தல் தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது, வெளியிலிருந்து வருவதில் யாராவது எதையாவது கலந்திருந்தால் தண்டனை அவனுக்குத்தான் என்று விளங்கப்படுத்தினேன். அவனுடைய நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

திரேசம்மா தேர்மோஸைத் தூக்கிப் பிடித்து ஒருமுறை பார்த்தார். பிறகு அறை மூலையில் அடுக்கியிருந்த தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தார்.

"பத்து மாதம் சுமந்தவளிலை இல்லாத நம்பிக்கை உங்களுக்குப் போத்தல் கொம்பனியிலை இருக்கோ தம்பி?"

தாராபுரத்துக் கோலி

இருட்டிய பிறகு ஒருவழியாகக் கிடைத்த மாதிரியின் முடிவு வர வாரக்கணக்காகும். அந்த இடைவெளியில் கழகங்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லி என்னைத் தாராபுரத்துக்கு அனுப்பினார்கள். நான் நன்றாக வகுப்பு எடுப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. "உங்கட உடம்புக்குள்ளை என்ன போனாலும் நீங்கள்தான் பொறுப்பு. தெரியாது எண்டு சொல்லித் தப்பேலாது. எதையும் விழுங்க முதல் கேளுங்கோ. இது என்ன, எங்கையிருந்து வந்தது, ஆர் தந்தது. கேட்டுப்போட்டு விழுங்குங்கோ" என்று மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன்.

நிஸ்தார் என்ற கோல்காப்பாளர் கையைத் தூக்கினார். கலியாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடுகிற சகன் தட்டில் யாராவது எதையாவது போட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சாப்பிட்டவர்தான் பொறுப்பு என்றேன். கழக டொக்டரே மாறித் தந்துவிட்டால்? கொஞ்சம் குறைப்பார்கள், ஆனால் விளையாடினவர்தான் பொறுப்பு என்றேன். நிஸ்தார் பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சேர், கோல் விழுந்தா டிபென்ஸ் அடிக்கிறவனும் சேர்ந்துதான் பேச்சு வாங்குவான். இந்தச் சட்டத்திலை மட்டும் கோலி தனியத்தானோ நிக்க வேணும்?"

பருப்புக்கறிக் காலம்

ஜெறோமின் மாதிரியில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. வீக்கத்துக்கும் முட்டு என்கிற மூச்சிழுப்பு வருத்தத்துக்கும் கொடுக்கிற ஒரு ஸ்டீரொயிட். ஆட்ட நாளில் உடம்பில் இருக்கக்கூடாத சாமான். விசாரணை முடியும்வரை தற்காலிகத் தடை. குற்றம் உறுதியானால் இரண்டு வருடம் வரை போகலாம். ஆட்டக்காரனுக்கு இரண்டு வருடம் என்பது எங்களுடைய இருபது வருடம். தேசிய அணிப் பயிற்சிக்கு அவனைக் கூப்பிட்டிருந்த நேரம். கூப்பிட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். கழகம் அறையைக் காலிபண்ணச் சொன்னது. பையைத் தூக்கிக்கொண்டு பேசாலைக்கு வந்து சேர்ந்தான்.

போத்தலில் இருந்ததை நான் போடவில்லை. ஆனால் போத்தலைப் பிடித்தவன் நான்தானே. மன்னார்க் கரை முழுக்க என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. முருங்கனில் எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் பேசாலைக்காரர். அன்று என் படலையைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினார். ஓடிப்போய் மறித்தேன். பெட்டி நிறையப் பாரையும் விளைமீனும் பளபளவென்று கிடந்தன. "மீன் இல்லை" என்றார். "இவ்வளவும் என்ன?" என்றேன்.

"இது மீன் தின்னுற ஆக்களுக்கு. நீங்கள் ஆளையெல்லோ தின்னுறனீங்கள்."

வலைக்கு மேலே இருந்தவன்

முடிவை ஏற்காவிட்டால் இரண்டாவது போத்தலைத் திறந்து பார்க்கச் சொல்லலாம், விசாரணையில் சாட்சி கொண்டுவரலாம் என்றெல்லாம் ஆட்டக்காரனுக்கு உரிமைகள் உண்டு. கொழும்பிலிருந்து வந்தது முழுக்க இங்கிலீசில். அதைத் தமிழில் விளங்கப்படுத்திவிட்டு வரும்படி என் மேலதிகாரியான டொக்டர் சொன்னார். இப்படித்தான் நான் பேசாலைக் கடற்கரைக்குப் போனேன். ஜெறோம் தமையனோடு இருந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. திரேசம்மா இருந்தார், அயல்வீட்டுச் சந்தியாப்பிள்ளையர் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் இருங்கோ என்று சொல்லவில்லை. நானாகவே பக்கத்தில் குவித்துக் கிடந்த காய்ந்த வலையின் மேல் இருந்து, உரிமைகளை வாசிக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது உரிமைக்கு வருவதற்கிடையில் தொடை அரித்தது. பிறகு கை. பிறகு கழுத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிப்புத் தடிப்பாக எழும்பின. தும்மல் வேறு. நான் வாசிப்பதும் சொறிவதும் தும்முவதுமாக இருக்க, அதுவரை கல்லாக இருந்த சனம் சிரிக்கத் தொடங்கியது. அது சொறி காலம். சொறி என்றால் ஜெல்லிமீன்; கடலில் மிதக்கிற அந்த நுங்கு மாதிரியான பிராணி வலையில் ஒட்டிக் காய்ந்தாலும் விஷம் போகாதாம். "சொறி வலையிலை ஆரும் போய் இருப்பினமோ தம்பி? முருங்கன் ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றார் திரேசம்மா. சிரித்தாலும் பாவம் பார்க்கிற சனம். சந்தியாப்பிள்ளையர் வீட்டுக்குள் போய் ஒரு பிஸ்கற் டின்னோடு வந்தார், ஒரு சின்ன வெள்ளைக் குளிசையைக் கையில் வைத்தார், யாரோ தண்ணீர் நீட்டினார்கள். விழுங்கிவிட்டேன்.

கசப்பு நாக்கில் ஒட்டியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. "இது என்ன?" "சொறிக் குளிசை." "எங்கை வாங்கினது?" "வாங்கிறதோ? எனக்கு முட்டுக்கு ஆசுப்பத்திரியிலை தாறது. நான் கொஞ்சத்தை மிச்சம் பிடிச்சு வைக்கிறனான். சொறி பட்ட ஆக்களுக்கு ஒண்டு குடுத்தா வீக்கம் உடனே வத்தும். இந்தக் கரையிலை எல்லாருக்கும் நான்தான் குடுக்கிறனான்." டின்னுக்குள் கிடந்த ஆசுப்பத்திரி உறையை எடுத்துப் பார்த்தேன். கொழும்பு சொன்ன அதே மருந்து. "ஜெறோமுக்கும் குடுத்தனீங்களோ?" "குடுக்காமல்? மட்ச் அண்டைக்கு விடிய வலை இழுக்க வந்து, கழுத்தெல்லாம் வீங்கிப்போய் நிண்டவன்."

எனக்கு அரிப்பே மறந்துபோனது. ஜெறோமைப் பார்த்துக் கத்தினேன்: "ஏன் காணும் அண்டைக்குச் சொல்லேல்லை? நான் கேட்டனான்தானே!" அவன் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான். முகத்தில் கள்ளமே இல்லை.

"மருந்து பாவிச்சனீரோ எண்டு கேட்டனீங்கள், நான் வருத்தம் எண்டு டொக்டரிட்டைப் போகேல்லை அண்ணை, இது சொறி பட்டா எல்லாரும் போடுறதுதானே."

டின்னுக்காரர்

சந்தியாப்பிள்ளையர் சாட்சி சொன்னால் ஜெறோம் தப்பலாம். ஆனால் விஷயம் விளங்கியதும் மனுசன் டின்னை மடியில் கட்டிக்கொண்டார். பயம் நியாயமானது. ஆசுப்பத்திரிக் குளிசையை ஊருக்குப் பங்கிட்டது தெரிந்தால் அடுத்த மாதம் தராமல் விட்டுவிடுவார்கள். குளிசை இல்லாமல் மாரியில் அவருக்கு மூச்சு விட முடியாது. ஒருவன் விளையாட்டா, இன்னொருவர் மூச்சா என்று நான் எப்படிச் சொல்வது? எழும்பி வந்துவிட்டேன்.

விசாரணையில் எனக்கு நடந்ததையாவது சொல்லலாம் என்று, வெள்ளிக்கிழமை காலை கொழும்புக்குப் போக முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் சந்தியாப்பிள்ளையர், கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு. மடியில் டின். பக்கத்தில் ஜெறோமும் திரேசம்மாவும். நான் ஏறியதும் தள்ளி இருந்து இடம் விட்டார்.

"மூச்சுக்கு வேறை மருந்து இருக்குமாம் தம்பி, டொக்டர்மார் கண்டுபிடிப்பினம், உவனுக்கு வேறை கால் இருக்கோ?"

மூன்று பேர் முன்னால்

விசாரணை அறையில் மூன்று பேர். ஓய்வுபெற்ற நீதவான் ஒருவர், மருத்துவர் ஒருவர், முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர். குளிர் அறை. சந்தியாப்பிள்ளையருக்கு அந்தக் குளிரிலேயே மூச்சு இழுக்கத் தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் என்னைத்தான் பிடித்தார்கள். மாதிரி எடுத்த உத்தியோகத்தன் ஆட்டக்காரன் பக்கம் ஏன் வந்து நிற்கிறாய் என்று நீதவான் கேட்டார். நான் பக்கம் நிற்கவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்ல வந்தேன் என்றேன். விழுங்க முதல் கேளுங்கள் என்று ஊர் ஊராக வகுப்பு எடுக்கிறவன் நான்; அரிப்பெடுத்தபோது நானே கேட்காமல் விழுங்கினேன்; அவன் மட்டும் கேட்டிருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது என்றேன். மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போத்தலில் இருந்த அளவு ஒரு குளிசைக்குப் பொருந்தும் என்று அவர்தான் சொன்னார்.

நீதவான் விடுவதாக இல்லை. ஒரு குளிசை கொடுத்தேன் என்று யாரும் சொல்லலாம், அந்தக் கரையில் இப்படியொரு வழக்கம் இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முன்பே சந்தியாப்பிள்ளையர் எழும்பிவிட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஐயா, எங்கட கரைக்கு ஒருக்கா வாங்கோ, சொறி பட்ட சனம் முழுக்கவும் வரிசையிலை நிக்கும், எல்லாற்றை மூத்திரத்தையும் பிடியுங்கோ, இந்தத் தம்பி நல்லாப் பிடிப்பார்."

தீர்ப்புக்குப் பிறகு

எச்சரிக்கை மட்டும். அன்றிலிருந்து விளையாடலாம். திரேசம்மா வெளி விறாந்தையிலேயே முழங்காலில் இருந்துவிட்டார். நான் அங்கிருந்த கதிரையொன்றில் பொத்தென்று இருந்தேன். அப்படியொரு நிம்மதி என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட வந்ததா என்று தெரியாது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. மன்னார் ஆசுப்பத்திரி டொக்டர் சந்தியாப்பிள்ளையரை நன்றாகப் பேசி, இந்தக் குளிசையைக் கண்டவர்களுக்குக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று விளங்கப்படுத்தி, கடைசியில் வாயில் வைத்து மூச்சோடு இழுக்கிற பம்ப் ஒன்றும் கொடுத்து அனுப்பினார். அதைப் பங்கிட முடியாது என்பது அவருக்குப் பெரிய கவலை.

சட்டம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரிந்தே ஊசி குத்திக்கொண்டு வருகிறவனையும் கண்டிருக்கிறேன். ஆனால் அவனுக்கும் அரிப்புக்கு ஒன்று விழுங்கினவனுக்கும் முதல் நாளில் ஒரே கதவைத்தான் சாத்துகிறார்கள். ஒருவனுக்குப் பிறகு திறந்துவிடுகிறார்கள், சரி. இடையில் போனது? தேசிய அணி அவனில்லாமலே போய் விளையாடிவிட்டு வந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வர, ஜெறோம் மட்டும் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"போன சீசனுக்கு ஆரிட்டை அண்ணை அப்பீல் கேக்கிறது?"

மறுபடியும் அவனுடைய இலக்கம்

அடுத்த சீசனில் கழகம் திரும்ப எடுத்தது. மன்னாரில் ஆட்டம். சீட்டு எடுத்தது எதிர்க் கழகத்து மனேஜர், நான் தொடக்கூட இல்லை. விழுந்தது ஜெறோமின் இலக்கம். மைதானம் முழுக்க என்னைப் பார்த்து ஊளையிட்டது. அவன் அறைக்குள் வந்தான், கதிரையில் நிமிர்ந்து இருந்தான். நான் கேள்வியைத் தொடங்க முன்னமே சொல்லத் தொடங்கினான். பல்லுக்குப் பூசினது, தலைக்கு வைத்தது, நற்சீரகத் தண்ணீர், முழங்காலுக்குப் பூசிய கோயில் எண்ணெய், அறையில் கொளுத்தின நுளம்புத்திரி. படிவத்தில் நுளம்புத்திரிக்கு எங்கே இடம் இருக்கிறது? எழுதினேன். சொறி பட்டதா என்று கேட்டேன். பட்டது, கடல் தண்ணீரால் கழுவிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன் என்றான்.

முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொல்ல மறந்தது ஏதாவது இருந்தால்? யாராவது பாவம் பார்த்து எதையாவது கையில் வைத்திருந்தால்? ஒரு நாள் அலுவல் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பேசாலைக் கோயிலுக்குப் போனேன். நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன், எந்தப் பக்கம் நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. கையில் ஒரு மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும். கடற்காற்றில் நெருப்பு நிற்கவே இல்லை. பக்கத்தில் திரேசம்மா முழங்காலில் இருந்தார். தன்னுடைய மெழுகுதிரியைச் சரித்துப் பிடித்தார். அதில் என்னுடையதைப் பற்றவைத்தேன்.

டொக்டர் போன் எடுத்து, ஒன்றும் இல்லை, சுத்தம் என்றார். அவருக்கு நன்றி சொன்னேனா தெரியாது. உடனே ஜெறோமுக்கு எடுத்து, உத்தியோகத் தோரணையில், கண்டிப்பான குரலில், முடிவைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மூக்கை உறிஞ்ச வேண்டி வந்தது.

"அண்ணை, தப்பினது நான், நீங்கள் ஏன் அழுறியள்?"

ஆளைப் பிடிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆள் தப்ப வேண்டுமென்று கோயிலில் போய் நிற்கிறவனை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்றால், இந்த உத்தியோகத்துக்கு வேறு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.